அத்தையின் பங்கு அரை மாத்திரை

என் பிரியமான, சண்டை போட நான் இல்லாமல் அங்கே அலுத்துப்போயிருக்கும் அத்தைக்கு,

மாமா என்னோடு முகம் கொடுத்துப் பேசிப் பத்துப் பதினைந்து நாளாகிறது. காப்பி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்காருகிறார். பேச்சுதான் இல்லை. என்ன கோபம் தெரியுமா? நீங்கள் தினமும் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தீர்களாம். நான் உங்களை வரவிடாமல் செய்துவிட்டேனாம்.

உண்மைதான் அத்தை. நான்தான் நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் மாமாவும் உங்களோடு கிளம்பியிருப்பார். அதற்குப் பழிவாங்குகிற மாதிரி இப்போது தன் பிரஷர் மாத்திரையையும் தொடமாட்டேன் என்கிறார். பயமாக இருக்கிறது. இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கே எழுதிவிட்டேன். நாலு பேர் படித்துவிட்டு எழுந்து போய்த் தங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் நல்லதுதானே?

முதலில் வீட்டுச் செய்தி. மௌலா அலி வீட்டின் முன்னறை ஜன்னலை அப்படியே வைத்திருக்கிறோம். வெயில் ஏற ஏற மலை மேலிருக்கும் தர்கா வெள்ளையாகக் கரைந்துபோய்த் தெரிகிறது. ரயில் போனால் ஜன்னல் கம்பி இன்னும் நடுங்குகிறது. மாமா ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று லாலாகுடா குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, ரயில் சத்தம் கேட்காத வீட்டில் தூக்கம் வராது என்று அடம்பிடித்து நீங்கள் பிடித்த வீடு அல்லவா! செந்தில் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு அலைந்த நாட்களில் நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டதும் இந்த ஜன்னலிலிருந்துதான். இப்போது கம்பெனி வண்டி வந்து உங்கள் பிள்ளையைக் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நானும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறேன். பகலெல்லாம் மாமாவும் அந்த ஜன்னலும்தான்.

உங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாள் ஞாபகமிருக்கிறதா? மாத்திரையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். "நக்கோ. வாழ்நாள் பூரா மாத்திரை முழுங்கவா பொறந்தேன்?" என்றீர்கள். நான் பார்மசி படித்ததெல்லாம் உங்களிடம் செல்லுபடியாகவில்லை. மாமாதான் வழிக்குக் கொண்டுவந்தார். "நீ போட்டாத்தான் நான் என் பிரஷர் மாத்திரையைப் போடுவேன். நீ போடலைன்னா நானும் போடல. சத்தியம்" என்றார். சத்தியத்துக்குப் பயந்தீர்களோ, அவரை நினைத்துப் பயந்தீர்களோ, மறுநாளே வழிக்கு வந்துவிட்டீர்கள்.

அன்றிலிருந்து அது வீட்டின் காலை வழக்கமானது. காப்பி முடிந்ததும் மாமா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் நீட்டுவார். வலது கையில் அவர் மாத்திரையை வைப்பீர்கள். இடது கையில் உங்கள் அரை மாத்திரை. தண்ணீர்ச் சொம்பு உங்களிடம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுங்குவீர்கள். பிறகு, "ஹவ், ஆமா, முடிஞ்சுது" என்று சொம்பைக் கீழே வைப்பீர்கள். கல்யாணமாகி விருதுநகரிலிருந்து வந்த புதிதில் இதை அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆனால் அந்த டப்பா விஷயத்தில் மட்டும் நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன். உஸ்மானியா பிஸ்கட் டப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை வந்த அன்றைக்கே கத்தரியும் கையுமாக உட்கார்ந்து அட்டையையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டுவிடுவீர்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், தேதி ஒரு துண்டில். உங்கள் சர்க்கரை மாத்திரைகளைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி, பழைய குங்குமச் சிமிழில் நிரப்பி வைப்பீர்கள். எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்!

"பேரே இல்லாம எப்படித்தே கண்டுபிடிப்பீங்க?"

"கைக்கு பேரு? ரோஸ் கலரு அவருது. வெள்ளை என்னுது. இத்தனை வருஷமா மாறிப் போச்சா?" 'எதுக்கு' என்று உங்கள் வாயில் வராது, இந்த ஊர் 'கைக்கு'தான்.

"வேற யாராவது எடுத்தா?"

"எங்க டப்பாவுல வேற யாரு கை வைப்பா?"

நியாயமான பதில்தான். வேறு யாரும் கை வைக்கவில்லை அத்தை.

நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர், எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். காரியமெல்லாம் முடிந்த பிறகு டப்பா எங்கே என்று மாமாவைக் கேட்டேன். "அது எதுக்கு இனிமே, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். உங்கள் புடவை அடுக்கிய அலமாரியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் திறக்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா மாறத் தொடங்கினார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கேட்டருகே நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிவிட்டார். டாக்டரிடம் சாயங்காலம் அழைத்துப் போவோம். சாயங்காலத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். வயசு, துக்கம், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆனால் மாமாவின் முகத்தில் துக்கமே இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. வேலை முடிந்து நான் வரும்போது ஜன்னலருகே ஏதோ கல்யாணத்துக்குப் போய் வந்தவர் போல உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு நல்லா இருந்துச்சும்மா" என்பார். என்ன நன்றாக இருந்தது என்று கேட்டால் மலையைப் பார்த்துச் சிரிப்பார். செந்திலும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் என் நாற்காலி வந்தது. அந்தக் கதையில் முதல் பாதி உங்களுக்குத் தெரியும். மருந்துக் கவுன்டரில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேராகக் கழுத்தை வளைத்துக்கொண்டு ஜனங்கள். உள்ளே இருந்து நான், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கத்துவேன். கேட்டதோ இல்லையோ, பின்னால் நிற்பவர் இடித்ததும் நகர்ந்துவிடுவார்கள். கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுங்கள், வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசி அனுப்புகிறேன் என்று நான் கேட்காத நாளில்லை. எங்கள் இன்சார்ஜ் ராவ் சார், "லைன் சூடு தல்லி, டைம் எக்கட?" என்று தெலுங்கில் வெளியே நீண்டிருக்கும் வரிசையைப் பார்க்கச் சொல்லி, நேரமேது என்பார். வீட்டுக்கு வந்து புலம்பினால் நீங்கள், "நீயே ஒரு நாக்காலியத் தூக்கிட்டுப் போய்ப் போடேன்" என்பீர்கள்.

ராவ் சாரே ஒருநாள் போட்டார். அவர் சொந்தத்தில் ஒருவர் இரண்டு டாக்டர் கொடுத்த ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிவிட்டுப் படுத்த படுக்கையானாராம். வாரத்தில் ஒரு மதியம் என்று முடிவானது. ஆனால் முதல் நாள் அந்த நாற்காலியில் யாருமே உட்காரவில்லை. அதில் உட்கார்ந்தால் ஊசி போடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. ராவ் சார், "வீட்டுலருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வா. ஒருத்தர் உட்கார்ந்தா பின்னால வருவாங்க" என்றார். நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

வந்தார் அத்தை. தேய்த்த சட்டை, கையில் துணிப்பை. வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. வீட்டில் அவர் என் எதிரில் உட்கார்ந்து பேசியதே கிடையாது. எது சொல்வதென்றாலும் நிலைப்படியில் நின்று பாதி என்னிடமும் பாதி காலண்டரிடமும் சொல்லுவார். இங்கே முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி மேசை.

"உங்க பேரு சொல்லுங்க."

"தெரியாதா மேடம்?"

"எல்லாரையும் கேக்கிற மாதிரிதான் கேக்கணும் மாமா."

"நாராயணசாமி. ரிட்டயர்டு."

"பையில உள்ளதெல்லாம் மேசையில வையுங்க. எதை எப்ப போடுறீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

ரோஸ் கலர் மாத்திரைகளை வைத்தார். வலிக்குத் தடவும் தைலத்தை வைத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து உங்கள் குங்குமச் சிமிழை எடுத்து வைத்தார்.

நான் மூடியைத் திறந்தேன். வெட்டிய வெள்ளைப் பாதிகள். ஓரத்தில் குங்குமச் சிவப்பு ஒட்டியிருந்தது.

"இது யாருது?"

"அவளுது."

"அத்தை மாத்திரைய எதுக்கு நீங்க வச்சிருக்கீங்க?"

மருமகளிடம் சொல்லியிருக்கமாட்டார். மேடத்திடம் சொன்னார்.

"அவ போட்டாத்தானே நான் போடணும். சத்தியம் பண்ணிருக்கேன். அவ பங்கை முதல்ல போட்டுட்டு அப்புறம் என்னுதைப் போடுறேன். கைக்கு அப்படிப் பாக்குற? அவளுக்கு நல்லது பண்ணுன மாத்திரை எனக்கு என்ன கெடுதல் பண்ணிடும்?"

சர்க்கரையே இல்லாத மனிதர் அத்தை! காலையில் அரை மாத்திரை. டிபன் சாப்பிடப் பதினொன்றாகும். இரத்தத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சர்க்கரையும் கீழே இறங்கிப்போகாமல் என்ன செய்யும்? கோபத்தை அடக்கிக்கொண்டு, மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே கேட்டேன். போட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கும்?

"பதினோரு மணி வாக்குல லேசா ஆயிடும். வேர்க்கும். கை நடுங்கும். கண்ணு சொருகும். அப்பதான் அவ வருவா."

"யாரு?"

"கனகாதான். தலைக்கு ஊத்திக்கிட்டு ஈர முடியோட வந்து ஜன்னல்கிட்ட நிப்பா. பேச மாட்டா. மலையைப் பாத்துக்கிட்டு நிப்பா. வெயில் அவமேல பட்டு அப்படியே உருகுற மாதிரி இருக்கும். அப்புறம் எனக்குப் பசிக்கும். எழுந்து போய் இட்லியைத் தின்னுட்டு வந்து பாத்தா போயிருப்பா."

சுற்றிலும் ஆஸ்பத்திரிக் கூச்சல். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. உங்கள் ஈரத் தலையும் அந்த ஜன்னலும் என் கண்ணுக்கும் தெரிந்தன. அங்கேயே உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அத்தை, உண்மையைச் சொல்லுங்கள். வந்தது நீங்களா, மாத்திரையா?

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை, சர்க்கரை இல்லாதவர் போட்டால் மூளைக்குப் போகிற சத்து குறைந்துவிடும், வேர்வையும் நடுக்கமும் அரைமயக்கமும் அதனால்தான், ஒருநாள் இட்லிக்கு எழுந்திருக்க முடியாமலே போய்விடும் என்றேன். பிறகு சிமிழைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இதை நிறுத்திட்டா அவ வர மாட்டாளா?"

"தெரியல மாமா."

"எழுந்திருக்க முடியாமப் போனா அவகூடயே போயிடலாமில்ல?"

அவ்வளவுதான், வெள்ளைக் கோட்டு, மேடம் எல்லாம் மறந்துபோயிற்று. ஜனங்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். "நீங்க ரெண்டு பேரும் ஜோடியாக் கிளம்பிருவீங்க. எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? உங்க மகனை வாரத்துல ரெண்டு நாள்தான் முழுசாப் பாக்குறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். ராவ் சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாமா சிமிழை என் பக்கம் தள்ளினார். மாத்திரைகளைக் கழிவுப் பெட்டியில் கொட்டிவிட்டு வெறும் சிமிழை அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் அழுததைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மா தானாகவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். லாலாகுடாக்காரர். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைகளைக் கொட்டி, "மா ஆயனவி" என்றார். தன் புருஷனுடையவையாம். அவர் போய் வருஷமாகிறதாம். தலைவலி வந்தால் ஒன்று போட்டுக்கொள்கிறாராம். பார்த்தால் எல்லாம் இதயத்துக்கான மாத்திரைகள். ஏன் என்று கேட்டேன். புருஷன் இதைப் போட்டதும் அவர் முகம் தெளியும், அதனால்தான் என்றார்.

இப்போது அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறோம். உங்கள் வீட்டில் காலமானவருடைய மாத்திரை இருக்கிறதா? இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். எந்தப் பாடத்திலும் எனக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டதும் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கொண்டுவருகிறவர்களும் மேசையில் வைத்துவிட்டு உடனே கையை எடுப்பதில்லை. ராவ் சார் மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் அச்சடிக்கச் சொல்லிவிட்டார். தெலுங்கு, உருது எதுவும் படிக்காதவர்களுக்கும் புரிகிறது. அட்டையை நறுக்காதீர்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிற மாதிரியே இருக்கிறது. சுகமாகத்தான் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் சொல்லி என்ன? வீட்டில் மாமா கேட்கவில்லை. நடுக்கம் போய்விட்டது, தலைசுற்றல் போய்விட்டது. ஆனால் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டுவார். வலது கையில் ரோஸ் மாத்திரையை வைப்பேன். காலியாக இருக்கும் இடது கையைப் பார்ப்பார். வலது கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பிரஷர் ஏறிக்கொண்டே வந்தது. செந்தில் லீவு போட்டுக்கொண்டு கெஞ்சிப் பார்த்தார். அதட்டியும் பார்த்தார். டாக்டரும் சொன்னார். நேற்றுக்கூட செந்தில் மன்றாடியபோது அவரிடம் மாமா சொன்னது ஒரே வார்த்தைதான். "அவ போடலியே."

இதுவரை எழுதியது நேற்று ராத்திரி. மூடி வைத்துவிட்டு அடுக்களையில் நின்று யோசித்தேன். நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த டபுள் கா மீட்டாவை, அந்த ரொட்டி இனிப்பை, நான் பூட்டி வைக்க, நீங்கள் சாவியைத் தேடிக் கண்டுபிடித்துத் தின்றீர்களே, அது ஞாபகம் வந்தது. "ஒரு வாய்டி தமயந்தி, ஒரே வாய். செத்தப்புறம் எவ தரப் போறா?" என்று பிடிபட்ட பிறகும் சிரித்தீர்கள். எனக்குப் பளிச்சென்றது.

இன்று காலை மாமா கையை நீட்டினார். வலது கையில் ரோஸ் மாத்திரையை வைத்தேன். ராத்திரியே அவர் அறையிலிருந்து எடுத்து நிரப்பி வைத்திருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, இடது கையில் சின்னதாக ஒரு கற்கண்டு வைத்தேன்.

"என்னம்மா இது?"

பதினைந்து நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"அத்தை பங்கு மாமா. அவங்களுக்கு இனிமே சர்க்கரையே இல்லை. டாக்டரைக் கேக்க வேண்டாம், என்னையும் கேக்க வேண்டாம். என்ன வேணா சாப்பிடலாம்."

கற்கண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "ஹவ், ஹவ். இதுன்னா அவ வேணாம்னே சொல்ல மாட்டா" என்றார். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். கரைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு தன் மாத்திரையை விழுங்கினார். சொம்பை நான்தான் பிடித்திருந்தேன். நீங்கள் சொல்கிற மாதிரியே, "முடிஞ்சுது" என்று சொல்லிக் கீழே வைத்தேன்.

இன்று எனக்கு விடுமுறை. பதினோரு மணிக்கு மாமாவோடு நானும் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். மலை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. ஒரு ரயில் போயிற்று. கம்பி நடுங்கியது. ஈரக் கூந்தல் வாசனை வந்த மாதிரி இருந்தது. மாடியில் யாரோ துணி உலர்த்தியிருப்பார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இனி காலையில் மாமாவின் இரண்டு கைக்கும் நான் பொறுப்பு அத்தை. வலது கை ஒருநாளும் தவறாது. இடது கையில் உங்கள் பங்கு இருக்கும். மாத்திரை இல்லாமலேயே வரத் தெரிந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் பூட்டி வைக்கமாட்டேன்.

சொம்பு பிடிக்க நீங்கள் விட்டுப்போன,
உங்கள் மருமகள்
தமயந்தி